கோவா கடற்படை விமான அருங்காட்சியகம்: அரை நாள் இருக்கு, என்ன பார்க்கலாம், எப்படிப் படம் எடுக்கலாம்?

திருச்சி_கிட்லென்ஸ்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாசம் ஆபீஸ் பசங்களோட கோவா போறேன். ரயில்ல வாஸ்கோவில் இறங்கி, அங்கிருந்து பாகாவுக்கு வண்டி. பசங்களுக்குக் கடற்கரை, மீன், மத்தது எல்லாம். எனக்கு ஒரே ஆசைதான்: டபோலிம் பக்கத்தில் இருக்கிற கடற்படை விமான அருங்காட்சியகம். சின்ன வயசிலிருந்து பழைய போர் விமானம்னா எனக்குக் கிறுக்கு. இதுவரை புத்தகத்திலும் யூட்யூபிலும் மட்டும்தான் பார்த்திருக்கேன்.

கையில் நிக்கான் டி5600, கூட வந்த 18-140 லென்ஸ், தனியா வாங்கின 35 எம்எம் எஃப் 1.8. டிரைபாட் இருக்கு, தூக்கிட்டு வரணுமா? விமானத்துக்குப் பக்கத்தில் போக விடுவாங்களா? எதைத் தவற விடக்கூடாது? நண்பன் ஒருத்தன் டிரோன் கொண்டு வர்றான், அதைப் பறக்க விட்டு மேலிருந்து ஒரு படம் எடுக்க முடியுமா?

இன்னொண்ணு. கோவாவா, பெங்களூர்ல எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையோட அருங்காட்சியகமா, எது பெட்டர்? பெங்களூர் எனக்கு ஒரு ராத்திரி பஸ் தூரம்தான்.

---

பாகா_பாலு

நான் குடும்பத்தோட போனேன். வெளியே பத்துப் பன்னிரண்டு பழைய பிளேன், உள்ளே கொஞ்சம் போட்டோவும் மாடலும். அரை மணி நேரத்தில் முடிஞ்சிடும். நல்ல வெயில். இதுக்காகத் தனியா மெனக்கெட வேண்டாம், ஏர்போர்ட் போற வழியில் எட்டிப் பார்த்துக்கோங்க.

---

பழைய_ஏர்மெக்

தம்பி, நான் கடற்படையில ஏர் மெக்கானிக்கா இருந்தவன். சொந்த ஊரு உவரி. இப்ப நாகர்கோவில்ல பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டுக் கூட்டிட்டு வர்றதுதான் டியூட்டி. அங்க நிக்கிற அலிஸே மாதிரி விமானங்கள்லதான் என் கை கறுத்துச்சு. அதனால என் பதில் ஒருதலைப்பட்சமாத்தான் இருக்கும், பாத்துக்கிடுங்க.

மொதல்ல சின்னச் சின்ன விஷயத்தை முடிச்சிருவோம். திங்கள்கிழமை லீவு. இடம் போக்மாலோ ரோட்டுல இருக்கு, வாஸ்கோ ஸ்டேஷன்ல இருந்து ஆட்டோவே போதும். நீங்க பாகா போயிட்டு ‘அப்புறம் வந்து பாத்துக்கலாம்’னு நெனச்சா நடக்காது. பாகா வடக்கே ரொம்பத் தள்ளி, ஒரு நாள் காலி. ரயிலை விட்டு எறங்கின அன்னைக்கே முடிச்சிருங்க. கூட வர்ற பசங்க மொணங்கினா போக்மாலோ கடற்கரையில எறக்கி விட்டுருங்க, பக்கத்துலதான். கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும், சில்லறை வெச்சுக்கிடுங்க. டிரைபாட் எதுக்கு? வெட்ட வெளி, வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்ல.

டிரோன் பேச்சையே எடுக்காதீங்க. டபோலிம் விமான நிலையம்னு நாம சொல்றது ஐஎன்எஸ் ஹன்சாங்கிற கடற்படைத் தளம். அங்க டிரோனை ஏத்தினா அடுத்த ரெண்டு நாள் கோவாவை நீங்க போலீஸ் ஸ்டேஷன் ஜன்னல் வழியாத்தான் பாப்பீங்க. ரன்வே பக்கம் லென்ஸைத் திருப்புறதும் வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பாலு சார் சொன்ன அரை மணி, விமானத்துக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு நகர்றவங்களோட கணக்கு. உங்க மாதிரி ஆளுக்கு மூணு மணி நேரம் வேணும். ஏன்னா அங்க நிக்கிறது வெறும் பழைய பிளேன் இல்ல, கடற்படைக்குச் சிறகு மொளச்ச கதை மொத்தமும் ஒரே மைதானத்துல நிக்குது.

ஸீலேண்டுல ஆரம்பிங்க. தண்ணியிலயும் தரையிலயும் எறங்குற ரெட்டை எஞ்சின் விமானம், பெல்ஃபாஸ்ட்ல ஷார்ட் கம்பெனி செஞ்சது. மொத்தமே 25 தான் செஞ்சாங்க. 1953-ல கொச்சியில ஐஎன்எஸ் கருடாங்கிற கடற்படை விமானத் தளம் தொடங்கின காலத்துல நம்ம கடற்படைக்குன்னு வந்த மொதல் விமானம் இதுதான். அடிப்பாகம் படகு மாதிரி இருக்கும். ஜனங்க நின்னு பாக்காமத் தாண்டிப் போயிருவாங்க. உலகத்துல மிச்சம் இருக்கிறதை விரல் விட்டு எண்ணிரலாம், அதுல ஒண்ணு அது.

ஃபயர்ஃப்ளை இருக்கும். ரெண்டாம் உலகப் போர்க் காலத்து வடிவம். நம்ம கிட்ட வந்தது குறிபாத்துச் சுடப் பழகுறதுக்காகப் பின்னால இலக்குத் துணியை இழுத்துட்டுப் பறக்குற வகை. அதுக்கு மேல அதைப் பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா மூக்கு அழகு.

வாம்பயர் பக்கத்துல போனா முன்பாகத்தைக் கவனிங்க. ஜெட் விமானம்தான், ஆனா விமானி உக்காருற கூடு ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் சேத்துச் செஞ்சது. மரத்துல ஜெட்! எங்க கோவா மழைக்கு மரமும் கோந்தும் என்ன பாடுபடும்னு நெனச்சாலே எனக்கு வயித்தைக் கலக்கும்.

ஸீ ஹாக்ங்கிற ஜெட் போர் விமானத்துல அரை மணி நேரம் செலவழிங்க. அதோட பின்பக்கம் போய் ஜெட் எங்க வெளிய வருதுன்னு தேடிப் பாருங்க. வால்ல ஓட்டை இருக்காது. ஒரே எஞ்சின்தான், ரோல்ஸ் ராய்ஸ் நீன். ஆனா புகைக்குழாயை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு இறக்கையும் உடம்போட சேருற எடத்துல பக்கத்துக்கு ஒண்ணா வெளிய விட்டிருப்பாங்க. அதனால பின்னுடம்பு முழுசும் எரிபொருள் வைக்க இடம் கெடச்சுது. கடல் மேல பறக்குறவனுக்கு எண்ணெய்தானே உசுரு. மூக்குக்கு அடியில நாலு 20 எம்எம் பீரங்கி வாய் இருக்கும், அதை மண்டி போட்டுத்தான் எடுக்கணும்.

இந்த ஸீ ஹாக்தான் 1971 பங்களாதேஷ் போர்ல, டிசம்பர் 4-ம் தேதி, விக்ராந்த்ங்கிற விமானந்தாங்கிக் கப்பல்ல இருந்து கெளம்பிப் போய் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் அடிச்சது. 300 ஸ்குவாட்ரன், வெள்ளைப் புலிகள். அப்ப கப்பலோட நாலு பாய்லர்ல ஒண்ணுல விரிசல். முழு வேகத்துல ஓட முடியாது. கப்பல் எம்புட்டு வேகமாக் காத்தை எதுத்து ஓடுதோ அம்புட்டுக்கு விமானம் கெளம்புறது சுளுவு. வங்காள விரிகுடாவுல அந்த டிசம்பர்ல காத்தும் சரியா இல்ல. அப்படியும் நீராவி கேடபுல்ட், அதாவது டெக்ல இருந்து விமானத்தை இழுத்து எறியுற கருவி, வெச்சு ஏத்திவிட்டாங்க. நான் அப்ப சின்னப்பையன், சீனியர்ங்க மெஸ்ஸுல உக்காந்து சொல்லச் சொல்லக் கேட்டதுதான்.

ஸீ ஹாக், அலிஸே ரெண்டுக்கும் அடிவயித்துல சின்னச் சின்னக் கொம்பு மாதிரி இரும்பு நீட்டிக்கிட்டு இருக்கும். யாரும் படம் எடுக்க மாட்டாங்க. கேடபுல்ட்டோட எஃகுக் கயிறை அதுலதான் மாட்டுவோம். கயிறு விமானத்தை இழுத்து எறிஞ்சதும் கழண்டு விழுந்திரும். டெக்ல முழங்கால் போட்டு, மேல எஞ்சின் கத்திக்கிட்டு இருக்க, அந்தக் கொம்புல கயிறு சரியா உக்காந்திருக்கான்னு பாத்துட்டுக் கட்டைவிரலைத் தூக்கிட்டு ஓடணும். அந்த எடத்தைக் கிட்டப் போயி ஒரு படம் எடுத்தீங்கன்னா, விமானத்தை முழுசா எடுத்த நூறு படத்துக்குச் சமம், இது என் கணக்கு.

அலிஸே பிரான்ஸ் நாட்டுச் சரக்கு, ப்ரெகே கம்பெனி. ஆனா எஞ்சின் இங்கிலாந்து ரோல்ஸ் ராய்ஸ் டார்ட். நம்ம ஆவ்ரோ விமானத்துல இருந்த அதே குடும்பம். மூணு பேர் போவாங்க. வேலை நீர்மூழ்கி தேடுறது. வயித்துல ரேடார் கூண்டு ஒண்ணு இருக்கு, தேடும்போது கீழ எறங்கும், வேலை முடிஞ்சா உள்ள போயிரும். 310 ஸ்குவாட்ரன், கோப்ரா. 1987 வரைக்கும் விக்ராந்த்ல இருந்து பறந்துச்சு. அதுக்கு வாலுக்கு அடியில கொக்கி இருக்கும் பாருங்க, டெக்ல குறுக்கே கட்டின கம்பியைப் பிடிக்கிற கொக்கி. நுனியில உலோகம் தேஞ்ச அடையாளத்தை டெலி பக்கம் 140-க்குத் தள்ளி எடுங்க.

சூப்பர் கான்ஸ்டலேஷனைப் பத்தி நான் சொல்லலைன்னாலும் அதுதான் உங்க கண்ணுல மொதல்ல படும். பெரிய மீன் வளைஞ்ச மாதிரி உடம்பு, மூணு வால். மொதல்ல ஏர் இந்தியாவுல ‘ராணி ஆஃப் எல்லோரா’ங்கிற பேர்ல பயணிகளை ஏத்திட்டுப் போனது. ஜெட் வந்ததும் விமானப்படைக்குப் போய், 1976-ல கடற்படைக்கு வந்து, கடலைக் கண்காணிச்சுக்கிட்டு 80-கள்ல ஓய்வு. பட்டு மெத்தையில பறந்த ராணிக்குக் கடைசிக் காலத்துல ரோந்து வேலை. மூணு வால் எதுக்குன்னு பேரன் கேட்டான்: ஒரே உயரமான வால் வெச்சா அந்தக் காலத்து ஹேங்கர் கதவுக்குள்ள நுழையாது, அதான்.

ஸீ ஹாரியர் எல்லாருக்கும் தெரியும். 1983-ல வந்தது, 2016 மே மாசம் விடை கொடுத்தாங்க. பக்கவாட்டுல நாலு மூக்குக் குழாய், அதைக் கீழ திருப்பித்தான் செங்குத்தா எறங்கும். பின் ரெண்டுலயும் சூடான புகை வரும், அதனால அதுக்குப் பின்னால உடம்புல தனியா சூடு தாங்குற தகடு அடிச்சிருக்கும். அந்தத் தகட்டோட நிறத்தைப் பாருங்க.

சாப்பாட்டு நேரம் ஆச்சு. படம் எடுக்குற நுணுக்கம் வேற யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

---

மல்லேஸ்வரம்_மாலா

ஏர்மெக் ஐயா, கொம்பு விஷயம் எனக்குப் புதுசு. நான் அந்த விமானத்தைச் சுத்தி சுத்தி எடுத்திருக்கேன், அதைப் பார்க்கவே இல்லை. நன்றி.

திருச்சி நண்பருக்கு, நான் வார இறுதியில் இதே வேலையாகச் சுற்றுகிறவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு விமானத்துக்கும் முதல் படம் தகவல் பலகை, இரண்டாவது படம் உடம்பில் எழுதியிருக்கும் எண். அதற்குப் பிறகுதான் மற்றது. வீட்டுக்கு வந்து முந்நூறு படத்தைக் கொட்டினால் எந்தச் சக்கரம் எதனுடையது என்று தெரியாது. எண் இருந்தால் அந்த ஒரு விமானத்தின் வரலாற்றையே பின்னால் தேடிப் பிடிக்கலாம். பலகையில் இருப்பது அந்த வகையின் கதை. எண்ணில் இருப்பது அங்கே நிற்கிற அதன் கதை.

18-இல் வைத்துக் கிட்டப் போய் முழுசாக அடக்காதீர்கள். மூக்கு வீங்கி வால் சூம்பிப் போகும். முடிந்தவரை பின்னால் போய் 35-லிருந்து 50-க்குள் எடுங்கள். மூக்கும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரிகிற முக்கால் முகம், லென்ஸ் உங்கள் முழங்கால் உயரத்தில். அந்த உயரத்தில் பின்னணியில் இருக்கும் கட்டடமும் ஜனமும் பாதிக்கு மேல் விமானத்துக்குப் பின்னால் மறைந்துவிடும், வானம் மட்டும் மிஞ்சும். கான்ஸ்டலேஷன் மட்டும் விதிவிலக்கு: 34 மீட்டருக்கு மேல் நீளம், இறக்கை அதைவிட அகலம். அதை முழுசாக எடுக்கிற ஆசையை விட்டுவிட்டு மூன்று வாலையும் பின்னாலிருந்து ஒரு படம், மூக்கிலிருந்து வளைவு ஓடுவதை ஒரு படம். போதும்.

திறக்கிற நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள். மத்தியானம் இறக்கைக்கு மேலே வெள்ளை, அடியில் கருப்பு, நடுவில் ஒன்றும் இருக்காது. வேறு வழியில்லை என்றால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து, ரா ஃபைலில் எடுத்து, நிழலை வீட்டில் தூக்கிக்கொள்ளலாம். வெயில் உச்சிக்கு வந்ததும் உள்ளே போய் மாடல், எஞ்சின், ஆயுத அரங்கைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

போலரைசர் வாங்குங்கள். விமானியின் கண்ணாடிக் கூண்டு மேலே வானம் பளிச்சென்று விழுந்து உள்ளே ஒன்றும் தெரியாது. போலரைசரைத் திருப்பினால் இருக்கை தெரியும், மீட்டர் தெரியும். பெயின்ட் மேலே விழும் பளபளப்பும் குறையும். ஆனால் பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தின் பளபளப்பை அது ஒன்றும் செய்யாது, அங்கே நீங்கள்தான் நகர்ந்து கோணம் மாற்ற வேண்டும். இன்னொன்று, பழைய கூண்டுகள் வெயிலில் மங்கி நுண்ணிய கீறல் விழுந்திருக்கும், அதற்கு எந்த ஃபில்டரும் கிடையாது.

பெங்களூரா கோவாவா என்றால் இரண்டும் வேறு வேறு. பழைய ஏர்போர்ட் ரோட்டில் இருக்கும் எச்ஏஎல் அருங்காட்சியகம் விமானம் செய்தவர்களின் இடம். அங்கே போனால் மாருத்துக்காகப் போங்கள். ஜெர்மனியில் ஃபோக்கே-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த குர்ட் டேங்க் இங்கே வந்து எச்ஏஎல்காரர்களோடு உட்கார்ந்து வடிவமைத்த போர் விமானம். 1961 ஜூன் 17-இல் முதல் பறப்பு, விமானி சுரஞ்சன் தாஸ். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இடுப்பு மெலிந்து பின்னால் மறுபடி அகலும், ஒலியின் வேகத்துக்காகச் செதுக்கிய உடம்பு. அதற்கு ஏற்ற எஞ்சின் கடைசி வரை கிடைக்கவில்லை. ஆர்ஃபியஸ் எஞ்சின் இரண்டை வைத்துத்தான் பறந்தது. 147 செய்தார்கள், 1971-இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் சண்டை போட்டது. சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரியில் ஒரு மாருத் விபத்திலேயே போய்விட்டார். பக்கத்தில் இருக்கும் ரோட்டுக்கு அவர் பெயர்தான், தினமும் அதில் டிராஃபிக்கில் மாட்டுகிற பாதிப் பேருக்கு அவர் யார் என்று தெரியாது என்பது என் தனிப்பட்ட புலம்பல்.

அந்த மெலிந்த இடுப்பை எடுக்க 50-க்கு மேல் லென்ஸ் வேண்டும், பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நின்று. முன்னால் நின்று எடுத்தால் மாருத் சாதாரண விமானமாகத் தெரியும்.

---

அரக்கோணம்_பாசஞ்சர்

விமானத்துக்குள்ளயே ஏறிப் பார்க்கணும்னா விசாகப்பட்டினம் போங்க பாஸ். பீச் ரோட்ல நீர்மூழ்கி தேடுற பெரிய ரஷ்ய விமானம் டியு-142 நிக்குது, 2017 டிசம்பர்ல திறந்தாங்க, உள்ளே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடக்கலாம். எதிர்ப்பக்கம் குர்சுரா நீர்மூழ்கி. தேடுறவனும் ஒளியுறவனும் ஒரே ரோட்டுல எதிரெதிரே.

எங்க ஊர்க்காரங்களுக்கு அது சொந்தக்காரன் மாதிரி. 1988-ல ரஷ்யாவிலிருந்து கோவாவுக்கு வந்து, 1992-ல அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளிக்கு மாறி, 2017 மார்ச் 29-ம் தேதி அங்கேயே ஓய்வு பெற்றது. நாலு எஞ்சின், ஒவ்வொண்ணுக்கும் முன்னும் பின்னும் எதிரெதிராச் சுத்துற ரெண்டு புரொபெல்லர். அது தாழ்வாப் போனா எங்க வீட்டு ஷோகேஸ் கண்ணாடி அதிரும், பாட்டி ‘உன் பெரிய வண்டி வந்துடுச்சுடா’ன்னு சொல்லும். இப்ப வர்ற பி-8ஐ ரோந்து விமானம் சத்தமே இல்லாம போயிடுது. நல்லதுதான், ஆனா ஒரு மாதிரி இருக்கு.

படம் எடுக்கணும்னா அந்த ரெட்டை புரொபெல்லரைப் பக்கவாட்டில் எடுங்க, ரெண்டு அடுக்கோட பிளேடும் எதிரெதிர்த் திசையில் முறுக்கியிருக்கிறது அப்பதான் தெரியும். உள்ளே இடுக்கு, உங்க 35 போதாது, 18-க்கு வாங்க.

---

பாகா_பாலு

ஐயா எழுதினதைப் படிச்சதும் நானே மறுபடி போகலாம்னு தோணுது. ஒரே ஒரு சந்தேகம். இப்படி உப்புக் காத்துலயும் மழையிலயும் நிக்க வெச்சிருக்கிறதை விட, புதுசா பெயின்ட் அடிச்சு பளபளன்னு வெச்சா ஜனங்களும் வருவாங்க, படமும் நல்லா இருக்கும் இல்லையா?

---

பழைய_ஏர்மெக்

பாலு சார், நல்ல எடத்துல கை வெச்சீங்க. இதுல எனக்குக் கோவமே உண்டு.

விமான உடம்பு பூரா எழுத்து இருக்கும். ‘இங்க மிதிக்காதே’, ‘இங்க ஜாக்கி வை’, ‘இந்த மூடியைத் தெறந்தா ஹைட்ராலிக்’, எண்ணெய் எந்த வகை, டயர்ல எம்புட்டுக் காத்து. எழுத்தெல்லாம் சின்னச் சின்னதாத்தான் இருக்கும். அதெல்லாம் அலங்காரம் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்துல வேலை பாக்குற எங்களுக்கு எழுதினது. ஊர் ஊருக்குப் பூங்காவுலயும் கேட்டு முன்னாலயும் நிறுத்தி வெச்சிருக்கிற விமானங்களைப் பாருங்க. யாரோ வர்றாங்கன்னு முந்தின நாள் கனமா ஒரு கோட்டு எனாமல் பெயின்ட் இழுத்து விட்டிருப்பான். எழுத்து போச்சு, ரிவெட் தலை போச்சு, மூடியோட இடுக்கு அடைஞ்சு போச்சு. உள்ள தண்ணி நின்னா வெளியேற இருக்கிற ஓட்டையையும் சேத்து அடைச்சிருப்பான். வெளிய பளபளப்பு, உள்ள அலுமினியம் வெள்ளை வெள்ளையாப் பொடிஞ்சிக்கிட்டு இருக்கும். துருப் பிடிச்சதைக் கூட ஒரு நாள் சரி பண்ணலாம். அழிச்ச எழுத்தை எங்க போய் எடுக்க?

மேல கூரை போடலாம், வருஷா வருஷம் நல்ல தண்ணியில உப்பைக் கழுவலாம், அடைஞ்ச ஓட்டையைக் குத்தி விடலாம். பறக்குற காலத்துல நாங்க கப்பல்ல செஞ்ச வேலைதான் அது, நல்ல தண்ணி கழுவுறது. டெக்ல எறங்கின விமானத்தை உப்போட விட்டா சீஃப் தோலை உரிச்சிருவார். பெயின்ட் அடிக்கிறதா இருந்தா மொதல்ல ஒவ்வொரு எழுத்தையும் படம் எடுத்து, அளந்து, அதே மாதிரித் திருப்பி எழுதத் தெரிஞ்சவனை வெச்சு அடிக்கணும். காசு ஆகும்தான்.

அதனால தம்பி, நீங்க போகும்போது கண்ணுல படுற எழுத்தையெல்லாம் நேரா நின்னு, கோணல் இல்லாம, தெளிவா எடுத்துட்டு வாங்க. கலை வேண்டாம், பதிவு வேணும். இன்னும் பத்து வருஷம் கழிச்சு யாராவது சரியா அடிக்கணும்னு நெனச்சா அந்தப் படம்தான் உதவும்.

மாலா அம்மா, மாருத் பத்தி நீங்க எழுதினது அருமை. கடற்படைக்காரன் விமானப்படை விமானத்தைப் புகழக் கூடாது, ஆனாலும் அந்த இடுப்பு இடுப்புதான்.

---

திருச்சி_கிட்லென்ஸ்

எல்லாருக்கும் நன்றி. போயிட்டு வந்துட்டேன். டிரோன்காரனை வாஸ்கோவிலேயே அடக்கி வெச்சாச்சு, பசங்க போக்மாலோவில் மீன் சாப்பிட்டுக்கிட்டே மத்தியானம் வரைக்கும் ஒரு போன் கூடப் பண்ணலை.

ஸீ ஹாக் அடியில் கொம்பைக் கண்டுபிடிச்சேன். மண்டி போட்டு எடுத்துக்கிட்டு இருக்கும்போது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்துச்சு, இருபது முப்பது பசங்க. ஒரு பையன் ‘அங்கிள், என்ன தேடுறீங்க?’ன்னு இந்தியில் கேட்டான். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில் கேடபுல்ட் கயிறு கதையைச் சொன்னேன். அடுத்த நிமிஷம் எல்லாப் பசங்களும் குனிஞ்சு அடிவயித்தையே பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க, டீச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாங்க.

வாம்பயர்ல ரெண்டு இருக்கையும் பக்கம் பக்கமா எவ்வளவு நெருக்கமா இருக்கு! போலரைசர் இல்லாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது. மாலா மேடம் சொன்ன மாதிரி கான்ஸ்டலேஷனை முழுசா எடுக்க முயற்சி பண்ணலை, வால் படம் மட்டும் வால்பேப்பரா வெச்சுட்டேன்.

ஏர்மெக் ஐயா, நான் இங்க போட்ட படங்களைப் பத்தி ரெண்டு கேள்வி. படம் 7 அலிஸே. ரெண்டு இறக்கையிலயும் முன்னால நீட்டிக்கிட்டு குண்டா ஒரு கூடு இருக்கே, எஞ்சின் மூக்குல ஒண்ணுதானே, அப்ப அது என்ன? படம் 11 கொக்கி. நுனியில் ஒரு பக்கம் மட்டும் அதிகமா தேஞ்சிருக்கிற மாதிரி தெரியுது, அது நிஜமா இல்ல நிழலா?

---

பழைய_ஏர்மெக்

படம் 7: எஞ்சின் இல்ல. சக்கரம் பின்பக்கமா மடங்கி உக்காருற வீடு அது. முன்பாகத்துல சோனோபாய் வெச்சிருப்போம், கடல்ல போட்டா மெதந்துக்கிட்டே அடியில கேக்குற சத்தத்தை ரேடியோவுல மேல அனுப்பும். ஒரே கூட்டுல முன்னால காது, பின்னால காலு. பிரெஞ்சுக்காரன் எடத்தை வீணாக்கலை.

படம் 11: நீங்க போட்ட சைஸ்ல என் கண்ணுக்குப் பிடிபடலை. கம்பியை நடுவுல பிடிக்காம ஓரமாப் பிடிச்சா ஒரு பக்கம் தேயத்தான் செய்யும், ஆனா மேல அடிச்ச பெயின்ட் உரிஞ்சிருந்தாலும் அப்படித்தான் தெரியும். ஒரிஜினல் ஃபைலை அனுப்பி வைங்க. பேரன் கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிக் காட்டுவான், பாத்துட்டுச் சொல்றேன்.